ஓ.ஏ.பி.க்கு ஓ.டி.பி. கேட்கும் அரசு

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பைப் பேசுகிற மேடையில் இணையதள வடிவமைப்பைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எழுத்தின் அளவு, பொத்தானின் நிறம், படிவத்தின் நீளம் எல்லாம் மென்பொருள் நிறுவனத்துக்காரர்களின் கவலை என்றுதான் நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். அரசின் சேவை இணையதளங்களை முதியோருக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் ஏற்றபடி எப்படித் திருத்தி அமைப்பது என்பது என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. அதற்காக வட மாவட்டங்களில் காலனித் திண்ணைகளிலும் சேவை மைய வாசல்களிலும் நிறைய நாட்கள் உட்கார்ந்திருந்தேன். பொதுக் கதவு யாருக்குத் திறக்கும் என்கிற நம் பழைய கேள்வியைத்தான் அங்கே மறுபடியும் பார்த்தேன்.

கொஞ்சம் வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். 1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுக் குளங்கள், கிணறுகள், பள்ளிகள் எல்லாம் தீண்டப்படாதோருக்கும் உண்டு என்றது அது. 1924இல் மகாட் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. அதே 1924இல் இங்கே சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். காகிதத்தில் எல்லாம் திறந்துவிட்டது. ஆனால் மகாட் குளத்தில் நம் மக்கள் கைவைத்துத் தண்ணீர் அள்ள 1927 மார்ச் 20 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் நடந்துபோய்த்தான் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடிந்தது. அதற்காக அன்றே அடியும் வாங்கினார்கள்.

'திறந்திருக்கிறது' என்று எழுதி வைப்பதற்கும் ஒருவர் உள்ளே போய்த் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு வருவதற்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை அளக்காமல் பொது என்று சொல்ல முடியாது. இதுதான் மகாட் நமக்குக் கற்றுக்கொடுத்தது. இன்றைக்கு அரசு இணையதளங்களின் தலையில் 'இருபத்துநான்கு மணி நேரமும், எங்கிருந்தும், யாரும்' என்று போட்டிருக்கிறார்கள். அந்த 'யாரும்' யார் என்று நாம் கேட்க வேண்டும்.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதியோர் உதவித்தொகை. எழுதப் படிக்கத் தெரியாத ஆயாகூட 'ஓ.ஏ.பி. பணம்' என்று ஆங்கிலத்தில்தான் சொல்லும். தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1962இல், காமராசர் ஆட்சியில் வந்தது. நாடு முழுக்க ஒன்றிய அரசின் திட்டமாக வந்ததோ 1995இல்தான். இன்றைக்கும் 60 முதல் 79 வயதுவரை உள்ளவர்களுக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 80 வயதைத் தாண்டினால் 500. மீதியை மாநில அரசு போட்டு 2011இல் 1,000 ரூபாயாகவும், 2023இல் 1,200 ரூபாயாகவும் ஆக்கியது. 1,200 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 40 ரூபாய். ஒரு வேளைச் சாப்பாடும் மாத்திரையும் வாங்கும் காசு. இதை இழந்தால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

முன்பு இந்தப் பணம் மணியார்டரில் வந்தது. தபால்காரர் வீட்டு வாசலுக்கு வருவார். அதில் அஞ்சோ பத்தோ அவருக்குப் போனது என்று எல்லா ஊரிலும் கதை உண்டு. விண்ணப்பிப்பதற்கு மணியக்காரர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நிற்க வேண்டியிருந்தது. பரம்பரையாக வந்த அந்தக் கிராம அதிகாரிப் பதவிகள் 1980இல்தான் ஒழிக்கப்பட்டன. திண்ணைக்குக் கீழே கைகட்டி நின்ற அந்த நாட்களை நம் தாத்தாக்கள் மறக்கவில்லை. அதனால் 'கணினி வந்து எல்லாம் கெட்டுப்போச்சு, பழையபடி ஆக்குங்கள்' என்று நான் பேச வரவில்லை. கணினித் திரைக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்ட வேண்டியதில்லை. நேரடியாக வங்கிக் கணக்குக்குப் பணம் வருவது நமக்கு ஒரு விடுதலைதான். அந்த விடுதலை பாதி வழியில் ஏன் நின்றுபோனது என்பதுதான் என் கேள்வி.

முதியோருக்கான இணையதள வடிவமைப்பு என்றதும் வடிவமைப்பாளர்கள் மனதில் ஒரு முதியவர் தோன்றுகிறார். ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார். நன்றாகப் படித்தவர். பார்வை மங்கிவிட்டது, விரல் கொஞ்சம் நடுங்குகிறது. அவருக்காகச் சொல்லப்படும் தீர்வுகளும் சரியானவைதான். உலக அளவில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை வழிகாட்டி, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வேறுபாடு வேண்டும் என்கிறது. எழுத்தை 200 சதவீதம்வரை பெரிதாக்கினாலும் பக்கம் உடையக்கூடாது என்கிறது. நேரம் முடியப்போகிறது என்றால் முன்கூட்டியே எச்சரித்து, நீட்டித்துக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் 2009இலேயே வந்துவிட்டன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. இவற்றை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே பாதி அழுகை நிற்கும்.

மீதிப் பாதிக்கு அந்த மூக்குக் கண்ணாடிக்காரரை விட்டுவிட்டு நம் ஆயாவைப் பார்க்க வேண்டும். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பட்டியல் சாதியினரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 10.27 சதவீதம். பெண்களை மட்டும் எடுத்தால் 3.29 சதவீதம். நூறு பெண்களில் மூன்று பேர். அந்த வருடம் ஆறு ஏழு வயதுச் சிறுமியாக, மாடு மேய்த்துக்கொண்டோ தம்பியைத் தூக்கிக்கொண்டோ இருந்தவருக்கு இன்று எழுபது வயது தாண்டிவிட்டது. அவரிடம்தான் 'உங்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் உள்ளிடவும்' என்று அரசு சொல்கிறது. வயதானதால் அவருக்குப் படிக்க முடியாமல் போகவில்லை. படிக்க விடாமல் வைத்திருந்த சமூகம் அவருடைய முதுமைக்குள்ளும் கூடவே வந்திருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் இது தீராது.

நான் பார்த்த ஒரு படிவத்தின் வழியை மட்டும் சொல்கிறேன். முதல் பக்கத்தில் கேப்ட்சா. வளைந்து நெளிந்த ஆங்கில எழுத்துகளைப் படித்து அப்படியே தட்ட வேண்டும். 'நான் இயந்திரம் அல்ல, மனிதர்தான்' என்பதை நிரூபிக்க இது. மனிதர்தான் என்று நிரூபிக்கச் சொல்லும் சடங்கு நம் மக்களுக்குப் புதிதில்லை. ஆனால் இப்போது அதை ஆங்கிலத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது செல்போன் எண். ஆயாவிடம் போன் இல்லை. குடும்பத்தில் யாரோ எப்போதோ கொடுத்த எண்தான் ஆதாரிலும் வங்கியிலும் இருக்கிறது. அது பேரனுடைய எண். பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலையில் இருக்கிறான். சேவை மையத்தில் விண்ணப்பத்தைத் தொடங்கியதும் ஓ.டி.பி. திருப்பூருக்குப் போகிறது. அவன் மெஷினில் நிற்கிறான், போனை எடுக்க முடியாது. இங்கே வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவன் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு எண்ணைச் சொல்லும்போது அது காலாவதியாகிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து. பாதியில் சேமித்துவைத்து நாளைக்குத் தொடரும் வசதி அந்தப் படிவத்தில் இல்லை. ஒரு ஆயா என்னிடம் கேட்டது: "ஏம் பாப்பா, எனக்கு வர்ற காசுக்கு அவன எதுக்கு கேக்கறாங்க?" வடிவமைப்பு பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிடக் கூர்மையான விமர்சனத்தைப் படித்ததில்லை.

அதற்கடுத்து மொழி. படிவம் தமிழில்தான் இருந்தது. ஆனால் யாருடைய தமிழ்? 'விண்ணப்பதாரர் ஆதரவற்றவரா? ஆம் / இல்லை' என்று ஒரு கேள்வி. படித்துக் காட்டினேன். "எம் மவன் இருக்கானே, நான் ஏன் அனாதைன்னு சொல்லணும்?" என்று கோபப்பட்டார் ஒருவர். மகன் இருக்கிறார்தான். அவருக்கே கூலி வேலை வாரத்தில் மூன்று நாள்தான். ஆயா தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன 'இல்லை' என்ற ஒரு சொல்லில் அந்த விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும். கையேந்தி நில், பிறகு தருகிறோம் என்கிறது கேள்வி. 'உங்களுக்கு மாதம் எவ்வளவு பணம் வருகிறது, யார் தருகிறார்கள்' என்று கேட்டிருந்தால் மானமும் போயிருக்காது, உண்மையும் தெரிந்திருக்கும். உதவித்தொகையைப் பிச்சையாகப் பார்க்கிறவர்கள் எழுதும் கேள்விக்கும் உரிமையாகப் பார்க்கிறவர்கள் எழுதும் கேள்விக்கும் உள்ள வேறுபாடு இது.

பிறகு கைரேகை. வெளுப்பவர்கள், தூய்மைப் பணியாளர்கள், தோல் பதனிடும் ஆலைகளில் சுண்ணாம்பிலும் அமிலத்திலும் கைவைத்தவர்கள், சிமெண்ட் கலவை சுமந்தவர்கள், கரும்பு வெட்டியவர்கள். ஐம்பது வருட வேலையில் விரல் ரேகை தேய்ந்துபோகும். எந்த வேலையை யார் செய்ய வேண்டும் என்று சாதிதான் தீர்மானித்தது. அந்த வேலை தேய்த்த விரலைக் கருவியில் வைத்தால் 'பொருந்தவில்லை' என்று வருகிறது. ஆதார் சரிபார்ப்புத் தோல்வி ஜார்க்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37 சதவீதம் என்ற மதிப்பீடுகளை ஒன்றிய அரசின் 2016–17 பொருளாதார ஆய்வறிக்கையே பதிவு செய்திருக்கிறது. சரிபார்ப்பு தோற்றதற்காக உரியவருக்குப் பயன் மறுக்கப்படக்கூடாது என்று 2018 செப்டம்பர் ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அமிலவீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்கில், டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று சொன்னது. கண் சிமிட்டினால்தான் உயிரோடு இருப்பதாக நம்பும் செயலியை, சிமிட்ட முடியாதவர்கள் எதிர்த்து வென்ற வழக்கு அது. ரேகை தேய்ந்தவர்களுக்கும் அந்த வாதம் அப்படியே பொருந்தும்.

இப்போது பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வருகிறேன். பெரும்பாலும் மருமகள், மகள், பேத்தி. ஆயாவைக் கூட்டிக்கொண்டு சேவை மையத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்குக் கூலி இல்லாத நாள். வங்கி முகவர் வரும் நாளில் வீட்டில் இருக்க வேண்டும். ஆவணத்தைப் போட்டோ எடுத்து, 'கோப்பின் அளவு அதிகம்' என்று திட்டு வாங்கி, மறுபடி எடுக்க வேண்டும். இத்தனையும் செய்கிற அந்தப் பெண்ணுக்கு இணையதளத்தில் ஒரு இடம்கூட இல்லை. படிவத்தைப் பொறுத்தவரை ஆயாதான் உட்கார்ந்து தட்டுகிறார். பேத்தி சட்டப்படி அங்கே இல்லவே இல்லை. அதனால் என்ன நடக்கிறது? ஆயாவின் கடவுச்சொல், வங்கி எண், ஓ.டி.பி. எல்லாம் ஊர் முழுக்கக் கைமாறுகிறது. சேவை மையத்துக்காரரின் நோட்டில் எழுதப்பட்டிருக்கிறது. நல்லவர் கையில் இருந்தால் பிழைத்தோம். இல்லையென்றால் பணம் போன பிறகுதான் தெரியும். 'ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று எச்சரிப்பதும் இதே அரசுதான், யாரிடமாவது சொல்லாமல் ஓ.ஏ.பி. வாங்க முடியாத வழியை அமைத்திருப்பதும் இதே அரசுதான்.

சேவை மையம் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். அது ஊர்த் தெருவில் இருந்து, நடத்துபவரும் ஊர்க்காரராக இருந்தால், காலனியிலிருந்து போகும் கிழவிக்கு அது பழைய திண்ணையின் இன்னொரு வடிவம். கணினி சாதி கேட்காமல் இருக்கலாம். அதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் "எந்தத் தெரு?" என்று கேட்டுவிடுகிறார்.

வெளியில் வேறு மாதிரி செய்து பார்த்திருக்கிறார்கள். பிரிட்டன் 2012இல் தன் அரசுச் சேவைகளை ஒரே தளத்தின்கீழ் கொண்டுவந்தது. துறையின் வசதிக்கு முன்னால் பயனரின் தேவை என்பதை முதல் கொள்கையாக வைத்தது. இணையத்தைப் பயன்படுத்த முடியாதவருக்கு உதவும் வழியும் சேவையின் பகுதியாக இருக்க வேண்டும் என்றது. தன் உதவித்தொகையைத் தானே கவனிக்க முடியாதவருக்காக இன்னொருவரை முறைப்படி நியமிக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு. அதற்காக அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அதே நாட்டில்தான், பராமரிப்பாளர் உதவித்தொகை வாங்கியவர்கள் வருமான வரம்பைச் சில பவுண்டுகள் தாண்டியதற்காக ஆயிரக்கணக்கான பவுண்டுகளைத் திருப்பிக் கட்டச் சொல்லித் துரத்தப்பட்டார்கள். பக்கம் எளிதாக இருந்தும் விதி கொடூரமாக இருந்தால் மக்கள் அதே இடத்தில்தான் விழுவார்கள்.

ஆகவே நம் கோரிக்கையில் விதியும் வடிவமும் சேர்ந்தே இருக்க வேண்டும். என் ஆய்விலிருந்து ஆறு கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, பார்த்துக்கொள்கிறவருக்கு இணையதளத்தில் அவர் பெயரிலேயே இடம் வேண்டும். விண்ணப்பிக்கவும் நிலையை அறியவும் மட்டும் அனுமதி, பணத்தில் கைவைக்க அனுமதி இல்லை. முதியவர் நினைத்தால் அந்த அனுமதியை ரத்து செய்ய முடிய வேண்டும்.

இரண்டு, பாதியில் நின்ற விண்ணப்பம் குறைந்தது ஒரு மாதம் அழியாமல் இருக்க வேண்டும். கேப்ட்சா போக வேண்டும்.

மூன்று, நிராகரித்தால் காரணத்தைப் பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் நிற்கும் தமிழில், அச்சிட்ட தாளில், மேல்முறையீடு யாரிடம் என்பதோடு தர வேண்டும். 'தகுதியின்மை' என்ற ஒற்றைச் சொல் காரணம் ஆகாது.

நான்கு, கைரேகை தோற்றால் அடுத்து என்ன என்பது திரையிலேயே வர வேண்டும். அந்த மாற்றுவழியை மறுக்கும் அதிகாரம் முகவருக்கு இருக்கக்கூடாது.

ஐந்து, தாளும் ஆளும் தொடர வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோகிறது. 2025இல் வந்த தாயுமானவர் திட்டம் முதியோர் வீட்டு வாசலுக்கு ரேஷன் கொண்டுபோகிறது. மாத்திரையும் அரிசியும் வரும் வாசலுக்கு ஒரு படிவம் வர முடியாதா?

ஆறு, எந்தச் சேவைத் தளத்தையும் திறப்பதற்கு முன் காலனியில், எழுத்தறியாத முதியோரோடு, அவர்களுடைய ஒரு நாள் கூலியைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். சோதனையில் அவர்கள் தடுக்கி விழுந்த இடங்களை வெளியிட வேண்டும்.

'அரசிடம்தான் எல்லாத் தரவும் இருக்கிறதே, அறுபது வயதானதும் தானாகவே உதவித்தொகை வந்துவிடும்படி செய்தால் என்ன?' என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் தானாகச் சேர்க்கத் தெரிந்த கணினிக்குத் தானாக நீக்கவும் தெரியும். நேரில் விசாரிக்காமல் யாரையும் நீக்கக்கூடாது என்ற விதி முதலில் வரட்டும், பிறகு தானியங்கியைப் பற்றிப் பேசலாம்.

கடைசியாக, இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களிடம் ஒன்று. அந்த ஓ.டி.பி. வந்து சேரும் போன் உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது. முதல் தலைமுறையாகப் படித்த நம் ஒவ்வொருவருடைய எண்ணும் தெருவில் நாலு பேருடைய ஆதாரில் இருக்கும். அரசு செய்யாமல் விட்ட வடிவமைப்பு வேலையை நாம் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறோம். செய்வோம், அதில் குறையில்லை. ஆனால் செய்வதை எழுதி வையுங்கள். எந்தத் தேதி, எத்தனை முறை போனோம், திரையில் என்ன வந்தது, எவ்வளவு செலவு. பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மூன்று கேள்விகள் அனுப்புங்கள்: போன வருடம் எத்தனை ஓ.ஏ.பி. விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை நிராகரிக்கப்பட்டன, ஒவ்வொன்றுக்கும் என்ன காரணம். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிலையும் உங்கள் குறிப்பையும் சேர்த்துக் கிராமசபையில் உரக்கப் படியுங்கள். ஆயா பக்கத்தில் இருக்கட்டும். பேச வேண்டியதை அவரே பேசுவார்.

ஜெய்பீம்.